பார்சல் நன்றாக வந்தது, மாவு எப்படி வந்தது?

பம்பாய் மாட்டுங்கா கிழக்கில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்து எனக்கு 31 வருடம் ஆகிறது. வீட்டுச் சாமான்கள் பற்றி வாசகர்கள் கேட்பதற்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். போன இதழில் ஆன்லைனில் கிரைண்டர் வாங்குவது பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன.

செம்பூர் வாசகி ஒருவர்: அண்ணா, பழைய கிரைண்டர் போய்விட்டது. புதிது வாங்க மூன்று ராத்திரி உட்கார்ந்து ரிவ்யூ படித்தேன். "டெலிவரி சூப்பர்", "பேக்கிங் நன்றாக இருந்தது", "நைஸ் புராடக்ட்", "இன்னும் உபயோகிக்கவில்லை, பார்க்க அழகாக இருக்கிறது" என்று இதேதான். உளுந்து பொங்குமா, எவ்வளவு நேரம் பிடிக்கும், சத்தம் எப்படி என்று ஒருத்தர்கூட எழுதவில்லை. 4.3 ஸ்டாரை நம்பி வாங்கினேன். இப்போது உளுந்து போட்டால் கல் தட்டுகிறது, மாவு சூடாகிறது. இந்த ரிவ்யூக்களை எப்படித்தான் படிப்பது?

முதலில் மெஷினைப் பார்ப்போம் அம்மா. கல் தட்டுகிறது என்றால் மூன்று காரணம் இருக்கலாம். நடுத்தண்டில் கல் முழுதாக உட்காராமல் இருக்கலாம். மேல் திருகு இறுகாமல் இருக்கலாம். அல்லது உளுந்து மிகக் குறைவாக இருக்கும். பெரிய டிரம்மில் அரை ஆழாக்கு உளுந்து போட்டால் கல்லுக்குப் பிடிமானம் கிடைக்காது, குதிக்கத்தான் செய்யும். மாவு சூடாவதற்குத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிவிட்டு அப்புறம் சும்மா ஓடவிடுவது காரணமாக இருக்கலாம். குளிர்ந்த தண்ணீரைக் கை கையாகத் தெளித்து அரைத்துப் பாருங்கள். ஒரு சொட்டு மாவை டம்ளர் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் உளுந்து பதம் வந்துவிட்டது, உடனே நிறுத்திவிடலாம். இவ்வளவும் செய்த பிறகும் தட்டினால், ரிட்டர்ன் தேதி என்றைக்கு முடிகிறது என்று இன்றைக்கே ஆப்பில் பாருங்கள். தட்டும் சத்தத்தை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ரிட்டர்ன் தேதி தாண்டிய பிறகு என்னிடம் கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

சரி, ரிவ்யூவுக்கு வருகிறேன். மூன்று ராத்திரி படித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிற பொருள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பதுபோல் நம்பிக் கேட்கிறோம். பதிலுக்கு அட்டைப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஏன் இப்படி என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்கிற நேரம்தான் தப்பு. பார்சல் கைக்கு வந்த இரண்டு மூன்று நாளில் ஆப் மணி அடித்து, "எப்படி இருக்கிறது, ஸ்டார் கொடுங்கள்" என்று கேட்கிறது. அந்தச் சமயத்தில் வீட்டில் நடந்திருப்பது பெட்டியைப் பிரித்தது ஒன்றுதான். தெரிந்ததைத்தானே எழுத முடியும்? டெலிவரியையும் பேக்கிங்கையும் எழுதிவிடுகிறார்கள்.

என் கடைக்கு மெஷின் வருவது எட்டாவது மாதம், பத்தாவது மாதம். போன மழையில் முலுண்டிலிருந்து ஒருவர் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். டிரம்மைத் தூக்கிவிட்டு அடித்தட்டைக் கழற்றினேன். பேரிங்கைச் சுற்றிக் காய்ந்த மாவு, சுண்ணாம்பு அடித்ததுபோல் அப்பியிருந்தது. அதற்குக் கீழே பழுப்புத் தண்ணீர் வழிந்த கோடு. பெல்ட்டின் பல்லெல்லாம் தேய்ந்து, விரலால் தடவினால் கறுப்புத் தூள் ஒட்டியது. மாவு உள்ளே இறங்காமல் இருக்க வைக்கிற ரப்பர் வளையம் அந்த மாடலில் மெல்லியது, மூன்று மாதத்தில் தளர்ந்துவிடும். அவர் தன் போனை எடுத்து, வாங்கிய மூன்றாம் நாள் தான் எழுதியதைக் காட்டினார். ஐந்து ஸ்டார். "வெரி குட், ஃபாஸ்ட் டெலிவரி." நல்ல மனுஷர். "இதைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் வாங்கினார்களோ" என்று வருத்தப்பட்டார். அங்கேயே என் ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய ரிவ்யூவைத் திருத்தி, ரப்பர் வளையத்தைப் பற்றி நாலு வரி சேர்த்தார். எழுதியதைத் திருத்தலாம் என்பதே பலருக்குத் தெரியாது. முக்கால்வாசி ஆப்களில் அந்த வசதி இருக்கிறது.

இன்னொரு விஷயம், எழுதியவர் அந்த மெஷினில் என்ன அரைத்தார் என்பது. கிரைண்டரோடு இப்போது சப்பாத்தி மாவு பிசைகிற கை ஒன்றும், தேங்காய் துருவி ஒன்றும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். "ஆட்டா அருமையாகப் பிசைகிறது" என்று ஒரு வீட்டில் ஐந்து ஸ்டார் போடுவார்கள். அவர்களுக்கு அது உண்மை. கல்லை அவர்கள் போட்டே பார்த்திருக்க மாட்டார்கள். அதேபோல், காய்ந்த மிளகாயும் தனியாவும் தண்ணீர் விடாமல் கல்லில் போட்டு, மெஷின் நின்றுவிட்டது என்று ஒரு ஸ்டார் போட்டவரும் உண்டு. வெட் கிரைண்டர் ஈரமாவுக்கு உள்ளது. அந்த ஒரு ஸ்டாரில் மெஷினின் குற்றம் எதுவும் இல்லை. இப்படிப்பட்டதையெல்லாம் கூட்டி வகுத்து வந்ததுதான் நீங்கள் பார்த்த 4.3. உங்கள் உளுந்துக்கு அதில் பங்கே இல்லை.

அளவையும் கலந்துவிடுகிறார்கள். ஒன்றேகால் லிட்டர், இரண்டு லிட்டர், சிவப்பு, பச்சை எல்லாவற்றுக்கும் ரிவ்யூ ஒரே பக்கத்தில் குவிந்துகிடக்கும். இரண்டு பேருக்குச் சமைக்கிறவர் ஒன்றேகால் லிட்டரைப் புகழ்ந்ததைப் படித்து, ஆறு பேர் வீட்டுக்காரர் இரண்டு லிட்டர் வாங்குவார். ரிவ்யூவுக்கு மேலே சின்ன எழுத்தில் எந்த அளவு, எந்த நிறம் என்று போட்டிருக்கும். அதைப் பாருங்கள். சில பக்கங்களில் வெளிநாட்டு ரிவ்யூவும் தனியாக இருக்கும். அமெரிக்காவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், நமக்கு 230. அங்கே விற்கிற மெஷினின் மோட்டாரே வேறு. அதைப் படித்துப் பிரயோஜனம் இல்லை.

நான் எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன். ஸ்டார் எண்ணைப் பார்ப்பதில்லை. "புதியவை முதலில்" என்று வரிசை மாற்றுவேன். இரண்டு, மூன்று, நான்கு ஸ்டார் போட்டவர்களை மட்டும் படிப்பேன், ஏனென்றால் குறையும் நிறையும் பார்த்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். அப்புறம் ரிவ்யூவுக்குள் தேடுகிற கட்டத்தில் வார்த்தை போட்டுத் தேடுவேன்: பேட்டர், உரத் தால் (உளுந்து), பெல்ட், நாய்ஸ், லீக், சிக்ஸ் மந்த்ஸ். நம் ஆட்கள் ஆங்கில எழுத்திலேயே இட்லி, மாவு, உளுந்து என்று தட்டுவார்கள், அப்படியும் தேடுங்கள். இருநூறு ரிவ்யூவில் ஆறு மிஞ்சும். அந்த ஆறு போதும்.

பம்பாய்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ரிவ்யூவின் தேதியைப் பாருங்கள். ஜனவரியில் வாங்கி ஜனவரியில் எழுதியவருக்கு நம் மழையைப் பற்றித் தெரியாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இங்கே சுவரே வேர்க்கிறது. அடியில் உள்ள திருகு துருப்பிடிப்பதும், சுவிட்சுக்குள் ஈரம் இறங்குவதும் அப்போதுதான். மழைக்கு முன் வாங்கி, அக்டோபரில், நவம்பரில் எழுதியவர் யாராவது இருந்தால் அவர் சொல்வதை இரண்டு தடவை படியுங்கள்.

டோம்பிவிலி வாசகர்: ஐயா, நான் வாங்கிய மிக்ஸி பெட்டிக்குள் ஒரு வண்ண அட்டை இருந்தது. ஐந்து ஸ்டார் போட்டு அதன் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 150 ரூபாய் தருகிறோம் என்று அச்சடித்திருக்கிறார்கள். மிக்ஸி நன்றாகத்தான் ஓடுகிறது. வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. மிக்ஸி நன்றாக ஓடினால் அந்த ஐந்து ஸ்டாரைச் சும்மாவே போடுங்கள். அந்தப் பணத்துக்காகப் போட்டால், அதே பக்கத்தில் உண்மையாக எழுதியவருக்கும் மதிப்பில்லாமல் போகிறது. செம்பூர் அம்மா மூன்று ராத்திரி கண் விழித்ததற்கு இந்த அட்டையும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில், விற்பவர் தன்னையே வாடிக்கையாளர் என்று காட்டிக்கொண்டு ரிவ்யூ எழுதக் கூடாது என்று இருக்கிறது. 2022 நவம்பரில் இந்தியத் தரநிலைகள் பணியகம் ரிவ்யூக்களுக்கென்றே ஒரு தரநிலை கொண்டுவந்தது. அதன் எண் ஐஎஸ் 19000. எழுதுகிறவர் நிஜமான ஆள்தானா என்று சோதிக்க வேண்டும், கேட்டு வாங்கிய ரிவ்யூவையும் தானாக வந்ததையும் எப்படிக் கையாள வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கம்பெனிகள் விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அதைக் கொண்டுவந்தார்கள். கட்டாயமாக்க வேண்டும் என்பது என் ஆசை. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத குக்கரை விற்கக் கூடாது என்று சொல்ல முடிகிற அரசாங்கத்தால் இதையும் சொல்ல முடியும்.

அந்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். போட்டோ எடுத்து, ரிவ்யூவிலேயே போடுங்கள். அடுத்தவருக்கு அதைவிட உதவியான ரிவ்யூ இல்லை. "உறுதி செய்யப்பட்ட வாங்குதல்" என்று பக்கத்தில் போட்டிருப்பதைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அந்த ஆள் அங்கே காசு கொடுத்து வாங்கினார் என்பதற்குத்தான் அது சாட்சி.

ஐரோலி வாசகர்: லிஃப்ட் இல்லாத நான்காவது மாடிக்குத் தூக்கி வரமாட்டேன் என்று டெலிவரிப் பையன் கீழேயே வாட்ச்மேனிடம் வைத்துவிட்டுப் போய்விட்டான். பெட்டி நசுங்கியிருந்தது. கோபத்தில் ஒரு ஸ்டார் போட்டேன். என் ரிவ்யூவையே எடுத்துவிட்டார்கள். இது நியாயமா?

கோபம் நியாயம். இரண்டு லிட்டர் கிரைண்டர் சாதாரணமாகப் பத்துக் கிலோ அளவுக்கு இருக்கும், நாலு மாடி ஏற்றுவது லேசான காரியமில்லை. ஆனால் அதை அந்த இடத்தில் எழுதியது எனக்குச் சம்மதமில்லை தம்பி. கிரைண்டர் எப்படி என்று பார்க்க வருகிற பெண்ணுக்கு உங்கள் மாடிப்படி எதற்கு? டெலிவரிப் புகாரை ஆர்டர் பக்கத்தில் உள்ள புகார் பகுதியில் எழுதுங்கள். ஒவ்வொரு மின்வணிகக் கம்பெனியும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பையும் பக்கத்தில் போட வேண்டும். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் மேலே சொன்ன 2020 விதிகளில் உள்ளதுதான் இது. அப்படியும் நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தமிழிலும் பேசலாம்.

தாராவி வாசகி: குக்கர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. ஆயிரம் பேர் நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். வாங்கலாமா?

குக்கருக்கு ரிவ்யூ பார்க்காதீர்கள் அக்கா, முத்திரை பாருங்கள். 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டுப் பிரஷர் குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் லைசன்ஸ் எண் இருக்கும். இந்தியத் தரநிலைகள் பணியகத்தின் பிஐஎஸ் கேர் என்ற ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது, இன்னும் செல்லுமா என்று காட்டும். குக்கர் வெடிக்கிற வரை எல்லாருக்கும் நல்ல குக்கர்தான். ஆயிரம் பேர் சொன்னாலும் இதில் அது செல்லாது.

அந்தேரி வாசகி: எல்லாரையும் குறை சொல்கிறோம். எழுத உட்கார்ந்தால் எனக்கே "நன்றாக இருக்கிறது" என்பதற்கு மேல் வரவில்லை. என்ன எழுதினால் இன்னொருத்தருக்கு உபயோகப்படும்?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது அம்மா. இப்படிக் கேட்கிறவர்கள் நாலு பேர் எழுதினாலே நிலைமை மாறிவிடும்.

ஊரில் எங்கள் அம்மா ஆட்டுக்கல் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். அம்பாசமுத்திரத்தில் எனக்கு அப்போது பத்து வயது. கல் கொத்துகிறவரிடம் அம்மா விலை கேட்கவில்லை. ஏற்கெனவே அவரிடம் வாங்கிய மூன்று வீடுகளின் பெயரைக் கேட்டு, மூன்று வீட்டுக்கும் போனாள். "மாவில் மண் விழுகிறதா? எத்தனை நாளைக்கு விழுந்தது? குழவி கைக்கு அடங்குகிறதா? உளுந்துக்குத் தள்ளிவிட எத்தனை தடவை கை போடுகிறாய்?" இவ்வளவும் கேட்டாள். அந்த வீட்டுக்காரிகளும் கல்லின் முன் உட்கார வைத்து அரைத்துக் காட்டிப் பதில் சொன்னார்கள். அந்த மூன்று வீட்டுக்காரிகள் சொன்ன மாதிரி எழுதுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் எத்தனை பேர், என்ன அரைத்தீர்கள், எவ்வளவு, எவ்வளவு நேரம் பிடித்தது, எத்தனை மாதமாக ஓடுகிறது, எது பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் ஆப் கேட்டால் விட்டுவிடுங்கள். காலண்டரில் மூன்று மாதம் தள்ளி ஒரு புள்ளி வைத்துக்கொண்டு அன்றைக்கு எழுதுங்கள்.

வடாலாவில் எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில், புது கிரைண்டர் வந்த நாளிலிருந்து குறித்து வைத்திருந்தார். போன மாதம் கடைக்கு வந்தபோது அதைப் பார்த்து ரிவ்யூ எழுத உதவி கேட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அவர் அனுமதியோடு அதை அப்படியே தருகிறேன்.

"இரண்டு லிட்டர் மாடல். வாங்கி ஏழு மாதம் ஆகிறது, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டது. வீட்டில் நான்கு பேர். வாரம் இரண்டு தடவை நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. உளுந்து 30 நிமிடம், அரிசி 25 நிமிடம். முதல் இரண்டு தடவை கல் பொடி வந்தது, அந்த மாவைக் கொட்டிவிட்டேன். அதற்குப் பிறகு வரவில்லை. உளுந்து நன்றாகப் பொங்குகிறது, மாவு சூடாகவில்லை. ஒரு டம்ளருக்குக் குறைவாக உளுந்து போட்டால் கல் குதிக்கும். சத்தம், பக்கத்து அறையில் டிவி கேட்கிற அளவுதான். மாவோடு டிரம்மைத் தூக்க என்னால் முடியவில்லை, எனக்கு 66 வயது, மகன் தூக்கித் தருகிறான். ஓட்டாவில், அதாவது சமையல் மேடையில், நிரந்தரமாக இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். மாவை ஒதுக்கித் தள்ளுகிற பிளாஸ்டிக் தகடு ஐந்தாவது மாதம் உடைந்தது, தனியாக வாங்க இரண்டு வாரம் ஆயிற்று. அடித் திருகு ஒன்றில் துரு. தேங்காய் துருவியை நான் உபயோகிக்கவில்லை, அதைப் பற்றி எனக்குத் தெரியாது."

நான்கு ஸ்டார் போட்டார். அனுப்பிய மறுநாளே கீழே ஒருவர் கேள்வி போட்டிருந்தார்: "அம்மா, டிரம்மின் எடை எவ்வளவு?" டீச்சரம்மா கடைக்குப் போன் செய்து, தராசு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, டிரம்மைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.